வளவு வீட்டைக் காக்க: ஹோட்டல் குத்தகையா, பங்காளிகள் நிதியா?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளுக்கு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்துக் கட்டிய பெரிய குடும்ப வீடுகளுக்கு, இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஹோட்டல் நடத்துபவருக்கு நீண்ட குத்தகைக்கு விடுவது ஒன்று, பங்காளிகள் நிதி சேர்த்துத் தாங்களே பராமரிப்பது இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அரசே காப்பாற்றட்டும் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் ஊர் இருப்பதால் மட்டும், பிரித்த வீட்டின் தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போவது நிற்காது.

குத்தகையில் வருமானம் உண்டு, வீட்டில் ஆள் நடமாட்டமும் இருக்கும். கானாடுகாத்தானில் அப்படிப் பிழைத்த வீடுகள் இருக்கின்றன. ஆனால் அறைக்கு அறை குளியலறையும் ஏசியும் வேண்டும் என்று சுண்ணாம்புச் சுவரைக் குடைவார்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்கும், அறுபது, எண்பது வயது சாந்திக்கும் நம் வளவுக்குள் நுழையவே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது கூரை. குரங்கு ஒரு நாட்டு ஓட்டை நகர்த்தினால் போதும், ஐப்பசி மழை நேராக மரத்தில் இறங்கும். ஓட்டைத் தாங்கும் மரச் சரம் உளுத்து, உத்திரம் ஊறி, அடுத்து சுவர் உப்பும். அதனால் வருடந்தோறும் மழைக்கு முன் ஓடு மாற்றியே ஆக வேண்டும். உப்பிய சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். இந்த வேலையில் கூலி கூடுதல், நாளும் அதிகம் பிடிக்கும். குத்தகை முடியப் போகும் கடைசி வருடங்களில் ஒருவர் இதற்குச் செலவழிப்பார் என்று நான் நம்பவில்லை. நம் பேரனுக்கு இந்த வீடு வேண்டும் என்று நினைப்பவர்தான் செலவழிப்பார்.

நிதிக்குப் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. நகரத்தார் கோயிலுக்குப் புள்ளி வரி (திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) கட்டுவதுபோல வீட்டுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்தோம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் கட்டுகிறார். அடுத்த தலைமுறையும் கட்டுமா என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டுக்கு இந்த வழி சரிவராது. அங்கே குத்தகைக்கு விடுவதே மேல்.

அப்படி விடுபவர்கள் பத்திரத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: வருடா வருடம் ஓடு மாற்ற வேண்டும், சிமெண்டுப் பூச்சு கூடாது, தூண், நிலை, கதவு எதையும் இடம் மாற்றக் கூடாது.