அடுத்த கல்லூரியிலும் செல்லுபடியாகும் இணையப் பாடம்: தேசியத் தளமா, கல்லூரிகளின் கூட்டுப் பாடமா?

இணையத்தில் ஒரு பாடத்தை ஏற்றுவது இன்று பெரிய காரியம் இல்லை. ஒரு கேமரா, ஒரு மைக், இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் மென்பொருளில் ஒரு தளம் இருந்தால் போதும். அந்தப் பாடத்தை முடித்த மாணவியின் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளியை, வேறொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் ஏற வைப்பதுதான் கடினமான வேலை.

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். எங்கள் கல்லூரியும் நகரின் வேறு இரு கல்லூரிகளும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய, மூன்று கல்லூரிகளிலும் கிரெடிட் ஏற்கப்படும் ஒரு விருப்பப் பாடத்தை உருவாக்கினோம். தொடங்குமுன் எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஸ்வயம் என்ற தேசியத் தளத்துக்குப் பாடத்தைக் கொண்டுசெல்வது ஒன்று. கல்லூரிகளுக்குள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு நாங்களே நடத்துவது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்றும் அந்தப் பக்கமே சாய்கிறேன். எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கோர்ஸெரா, எட்எக்ஸ் போன்ற வெளிநாட்டுத் தளங்களை அதிகம் யோசிக்காமலே ஒதுக்கிவிட்டோம். அவற்றின் சான்றிதழ் வேலை தேடும்போது உதவலாம். கிரெடிட் என்று வந்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுவும் தனியே கூடி முடிவெடுக்க வேண்டும்.

தேசியத் தளத்தின் பலம் எது என்பதில் சந்தேகமே இல்லை: அதற்குப் பின்னால் விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதித்தது. 2021-இல் அந்த வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் கணக்கும் தெளிவு. 4 வாரம் என்றால் ஒரு கிரெடிட், 8 வாரம் என்றால் இரண்டு, 12 வாரம் என்றால் மூன்று. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து இயங்கும் இந்தத் திட்டத்தை நம் ஊர் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. முதலாண்டு மாணவரிடம் கேட்டாலும் அடுத்த தேர்வு எந்த மாதம் என்று சொல்லிவிடுவார்.

பிறகு ஏன் அங்கே போகவில்லை? தேசியத் தளத்தில் பாடம் நாடு முழுவதற்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓர் இடைவெளியை நிரப்பும் பாடம். ஒரு கல்லூரியில் மாதிரி எடுத்தல் முறைகளைக் கற்பிக்க ஆள் உண்டு, மற்ற இரண்டில் இல்லை. இன்னொன்றில் மருத்துவப் புள்ளியியல் தெரிந்தவர் இருக்கிறார். தாம்பரத்தில் படிக்கும் மாணவர் அந்த ஒரு பாடத்துக்காக வாரம் இரண்டு நாள் ராயபுரம் வரை மின்சார ரயிலில் போய் வர முடியாது. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்களுக்கு அது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். இருக்கும் ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்வதே எங்கள் நோக்கமாக இருந்தது.

மொழியும் ஒரு காரணம். என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது, அது பெரிய உதவி. எங்கள் மாணவர்களில் பள்ளியைத் தமிழ்வழியில் முடித்தவர்கள் கணிசமானவர்கள். விளக்கத்தைத் தமிழிலும் கலைச்சொல்லை இரு மொழிகளிலும் கொடுத்து, தேர்விலும் இரு மொழிகளில் விடையெழுத அனுமதிக்க வேண்டும் என்று விரும்பினோம். நாமே நடத்தினால் இதற்கு ஒரு கூட்டத்தில் முடிவெடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னவற்றில் இரு வழிகளின் நிறைகுறைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். தராசை உண்மையில் சாய்ப்பது தேர்வு. அதை யார் நடத்துகிறார்கள், வினாக்களை ஆண்டுதோறும் யார் புதுப்பிக்கிறார்கள், விடைத்தாளுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பவைதான் முக்கியமான கேள்விகள். முதல் கூட்டத்திலேயே ஒரு கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்னிடம், “வீடியோ எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம். தேர்வு எழுதியது அந்தப் பெண்தான் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?” என்று கேட்டார். கிரெடிட் மாற்றத்தின் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஏற்கும் கல்லூரி, தான் பார்க்காத ஒரு வகுப்பை நம்பித் தன் மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடுகிறது. வீடியோவின் தரத்தை நம்பி அது கையொப்பமிடுவதில்லை. தேர்வை நம்பித்தான் இடுகிறது.

தேசியத் தளத்துக்குப் போனால் இந்தச் சுமையின் பெரும்பகுதி ஆசிரியரின் தோளிலிருந்து இறங்கிவிடும். ஹால் டிக்கெட், அடையாளச் சரிபார்ப்பு, மையம், கண்காணிப்பு, சான்றிதழ் அனைத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியர் வினாத்தாள் மட்டும் தர வேண்டும். கூட்டுப் பாடத்தில் இவை ஒவ்வொன்றையும் நாமே கட்டியெழுப்ப வேண்டும். கட்டியபின் ஒவ்வொரு பருவமும் பராமரிக்கவும் வேண்டும். இந்தப் பராமரிப்புக்கு ஆள் ஒதுக்க முடியாத கல்லூரிகள் கூட்டுப் பாடத்தில் இறங்கவே வேண்டாம்.

நாங்கள் பிழைத்ததற்குக் காரணம், பாடத்தை வடிவமைக்கும் முன்பே தேர்வை வடிவமைத்ததுதான். இந்த யோசனை எங்களுடையது அல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கை மையமாகக் கொண்டு 2011-இல் ஓ.இ.ஆர்.யு. என்ற உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவானது. அதன் பாடப்பொருள் முழுக்க, எவரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் இருந்தது, யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்பது ஏற்பாடு. கிரெடிட் வேண்டுபவர் மட்டும் ஓர் உறுப்பினர் நிறுவனத்தில் கட்டணம் செலுத்தி மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டியிருந்தது. கற்றலையும் மதிப்பீட்டையும் பிரித்துவைக்கும் அந்த ஏற்பாட்டைத்தான் எங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம். எங்கள் வீடியோக்களையும் பயிற்சிகளையும் எவரும் பார்க்கலாம். தேர்வு மட்டும் மூன்று கல்லூரிகளில் ஒன்றின் கணினிக்கூடத்தில், அடையாள அட்டையைப் பார்த்து, மற்ற இரு கல்லூரிகளின் ஆசிரியர்கள் கண்காணிக்க நடக்கிறது. இரு பாதிகளும் ஒன்றை ஒன்று தொடாமல் இருப்பதால், வீடியோவை மாற்றினால் தேர்வு கெடாது, தேர்வை மாற்றினால் வீடியோ கெடாது.

வினாத்தாளுக்கு முதலில் ஒரு சட்டகம் தயாரித்தோம். எந்தக் கற்றல் நோக்கத்துக்கு எத்தனை மதிப்பெண், அதில் எவ்வளவு நினைவுகூர்தல், எவ்வளவு கணக்கீடு, எவ்வளவு விளக்கம் என்று ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணை அது. மூன்று பாடத்திட்டக் குழுக்களும் ஒப்புதல் தந்தது அந்த அட்டவணைக்குத்தான். வினாக்கள் மாறும், அட்டவணை மாறாது. இதனால் ஒவ்வொரு பருவமும் புதிய வினாத்தாளுக்குப் புதிய ஒப்புதல் தேட வேண்டியதில்லை.

வினா வங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் களைத்துப்போகிறார்கள். ஒரு நல்ல வீடியோ பல ஆண்டுகள் நிற்கும். சராசரி, இடைநிலை போன்ற மையப்போக்கு அளவைகள் அடுத்த ஆண்டு மாறிவிடப் போவதில்லை. வினாக்களின் ஆயுள் ஒரு பருவம்தான். தேர்வு முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் எல்லா வினாக்களும் வந்துவிடும். மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அப்படி வரும் என்று கருதியே வடிவமைக்க வேண்டும். மூடுலில் எண்கள் மாணவருக்கு மாணவர் மாறும் கணக்கீட்டு வினாக்களை அமைக்கலாம். புள்ளியியல் போன்ற பாடத்துக்கு அது வரப்பிரசாதம். ஒரே வினா, ஒவ்வொருவருக்கும் வேறு தரவு. விளக்க வினாக்களுக்கு அந்த வசதி கிடையாது, மூன்று கல்லூரிகளும் முறைவைத்துப் புதிதாக எழுத வேண்டும். ஒரு பருவம் எழுதிய கல்லூரி அடுத்த பருவம் எழுதாது, சரிபார்க்கும்.

சென்னையில் நடத்துபவர்கள் நவம்பர், டிசம்பர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரையே முடக்கியபோது தேர்வுகள் தள்ளிப்போயின. கூட்டுப் பாடத்தில் ஒரு கல்லூரியில் தண்ணீர் நின்று மற்றொன்றில் நிற்காமல் போகலாம். ஒரே சட்டகத்தில் இரண்டாவது வினாத்தாள் எப்போதும் தயாராக இருந்தால், எழுத முடியாதவர்களுக்கு வேறொரு நாளில் தேர்வு வைக்கலாம். சட்டகம் ஒன்றே என்பதால் இரு தாள்களுக்கும் மதிப்பு ஒன்றுதான் என்று ஏற்கும் கல்லூரியிடம் காட்டவும் முடியும்.

திருத்துவதிலும் ஓர் ஏற்பாடு உண்டு. விடைத்தாள்களில் ஒரு பகுதியை ஏற்கும் கல்லூரியின் ஆசிரியரும் திருத்துகிறார். மதிப்பெண் வேறுபாடு அதிகமானால் அந்த வினா முழுவதும் மறுபடி திருத்தப்படுகிறது. கேட்க எளிதாக இருக்கும். பருவ முடிவில், தம் சொந்தக் கல்லூரித் தாள்களே மலைபோல் குவிந்திருக்கும்போது ஆசிரியர்களிடம் இதைக் கேட்பது எளிதில்லை. நிர்வாகம் இதற்குப் பணிநேரக் கணக்கில் இடம் தராவிட்டால் இரண்டு பருவங்களுக்கு மேல் இது ஓடாது என்பது என் திடமான கருத்து. ஆனால் மாணவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. தான் திருத்திய தாளின் கிரெடிட்டை எந்தக் கல்லூரியும் மறுக்காது.

கிரெடிட்டை எண்ணாக மட்டும் எழுதாமல், மணிக்கணக்கோடு எழுதுங்கள் என்றும் சொல்வேன். தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல், ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட், அதாவது 1200 மணி. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி, ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். பாட விவரத்தில் ‘3 கிரெடிட்’ என்று மட்டும் இருந்தால் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகும் மாணவர் அங்கே வாதாட வேண்டியிருக்கும். வீடியோவுக்கு, வாசிப்புக்கு, பயிற்சிக்கு, தேர்வுத் தயாரிப்புக்கு எத்தனை மணி என்று பிரித்து மொத்தம் 90 என்று எழுதியிருந்தால், படிப்பவர் தம் முறைப்படி கணக்கிட்டுக்கொள்வார். நாங்கள் அந்த 90 மணியை ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட் மதிப்புள்ள மூன்று அலகுகளாகப் பிரித்து, தனித்தனித் தேர்வு வைத்திருக்கிறோம். இடையில் நிற்க நேர்ந்த மாணவருக்கு முடித்த அலகின் கிரெடிட் மிஞ்சும். ஓர் அலகில் அரியர் விழுந்தால் அந்த அலகை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது ஒரே நகரத்தில், ஒருவரை ஒருவர் அறிந்த ஆசிரியர்களிடையே நடந்த, தாளிலும் கணினியிலும் எழுதக்கூடிய ஒரு பாடம். மதுரைக் கல்லூரியும் கோவைக் கல்லூரியும் சேர்ந்தால் கண்காணிப்பாளர்களை இப்படி மாற்றிக்கொள்ள முடியுமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. ஆய்வகம் தேவைப்படும் வேதியியல், இயற்பியல் பாடங்களுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்கும் தகுதியும் எனக்கு இல்லை. நூறு பேர் எழுதும் பாடத்துக்கு எங்கள் முறை தாங்கும். ஆயிரக்கணக்கானோர் எழுதினால் தேசியத் தளமே வழி என்று நினைக்கிறேன். தனியாக நிற்கும் கல்லூரிக்கும் அதையே சொல்வேன்: கூட்டாளிகள் இல்லாமல் கூட்டுப் பாடம் இல்லை.

ஒப்பந்தத்தில் பலர் விட்டுவிடும் ஒரு விதி பாக்கி இருக்கிறது. 2021-இல் வந்த கிரெடிட் வங்கி ஒழுங்குமுறைப்படி, மாணவர் ஈட்டிய கிரெடிட்டை அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை சேமித்து வைத்திருக்க முடியும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டுகளை ஈட்டியிருக்கவும் வேண்டும். ஆகவே முதலில் உங்கள் நிறுவனங்கள் அந்த வங்கியில் பதிவு செய்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, ஒரு மாணவி படிப்பை நிறுத்திவிட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு கல்லூரியில் சேர வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நம் ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கலாம், பாடமே நின்றுபோயிருக்கலாம், அதை எழுதிய ஆசிரியர் ஓய்வு பெற்றிருக்கலாம். புதிய கல்லூரியின் பாடத்திட்டக் குழு, அவள் எதைப் படித்தாள் என்று கேட்கும். அதற்காகத்தான், அவள் படித்த பருவத்தின் பாட விவரம், மணிக்கணக்கு, வினாத்தாள் சட்டகம், அந்த ஆண்டின் வினாத்தாள், மதிப்பெண் பரவல் ஆகியவை அடங்கிய தொகுப்பு மூன்று கல்லூரிகளின் தேர்வு அலுவலகங்களிலும் தலா ஒரு பிரதியாக 7 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். கூட்டணியிலிருந்து ஒரு கல்லூரி விலகினாலும் இந்தக் கடமை தொடரும்.