டபிள்யூ10 ராணுவ வாட்ச்: சில வருடங்கள் கட்டிய பிறகு

பழைய ராணுவ வாட்ச்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தாலும் தினமும் கையில் ஏறுவது 1976 முத்திரையுள்ள சிடபிள்யூசி (கேபட் வாட்ச் கம்பெனி) டபிள்யூ10 தான். பிரிட்டிஷ் தரைப்படைக்கு இதை முதலில் ஸ்மித்ஸ் (1967–70), அப்புறம் ஹாமில்டன் (1973–76), பிறகு 1980 வரை சிடபிள்யூசி செய்து கொடுத்தன. கடைசி இரண்டிலும் ஓடுவது ஈடிஏ என்ற சுவிஸ் நிறுவனத்தின் 2750 இயந்திரம். ஹாமில்டன் அதற்குத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் பெயரைப் பார்க்காமல் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை தாராளமாக ஓடும். சாவியை இழுத்தால் வினாடி முள் நின்றுவிடும். ஒரு படைப்பிரிவே ஒரே நொடிக்கு நேரம் வைத்துக்கொள்ள உதவிய வசதி. எனக்குப் போன் நேரத்தோடு ஒப்பிட உதவுகிறது. சுமார் 35 மி.மீ. என்பதால் பெரிய வாட்ச் பழகியவர்களுக்குப் பொம்மை மாதிரி தெரியலாம்.

ஸ்ட்ராப் மாட்டும் கம்பிகள் கூட்டோடு நிரந்தரமாகப் பொருத்தியவை. சாதாரண இரு துண்டு ஸ்ட்ராப் ஏறாது, நீளமான நைலான் பட்டைதான். வேர்வைக்கு அதுவே வசதி, உருவி சோப்பு போட்டு அலசிவிடலாம்.

சர்வீஸ்தான் தலைவலி. பின்மூடி கிடையாது, கண்ணாடியைக் கழற்றி இயந்திரத்தை முன்பக்கமாக எடுக்க வேண்டும். ஒரு கடையில் பின்பக்கத்தை நெம்பத் தொடங்கினார்கள், அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீரில் நம்பக்கூடாது. பிளாஸ்டிக் கண்ணாடி சீக்கிரம் கீறும், டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

டயலில் வட்டத்துக்குள் 'டி' இருந்தால், இருட்டில் ஒளிரப் பூசியிருப்பது டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 வருடம், ஐம்பது வருடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே இருட்டில் பளிச்சென்று ஒளிரும் வாட்சை விற்பவர் 'எல்லாமே ஒரிஜினல்' என்றால் சந்தேகப்படுங்கள், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முட்கள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் நான் ஒதுக்குவதில்லை. ராணுவப் பட்டறைகளிலேயே பாகங்களை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்பக்க முத்திரைதான் எனக்கு முக்கியம்: பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி, கடிகாரங்களுக்கான நேட்டோ எண் 6645, பிரிட்டனுக்கான 99, கடைசியில் வருடம். இது தேய்ந்திருந்தாலோ யாராவது பாலிஷ் போட்டிருந்தாலோ விலையை நன்றாகக் குறைத்துக் கேட்பேன்.

அடுத்து ஸ்மித்ஸ் ஒன்று வாங்க ஆசை. இயந்திரமும் இங்கிலாந்திலேயே செய்தது என்பதால் அதன் விலை எங்கோ போய்விட்டது. இப்போதைக்குப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.