முழமும் கடுகும்: டர்பனில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் பாடப்பெட்டியுடன் ஓராண்டு

வேதாகமம், வரலாறு, இயற்கை அறிவு ஆகிய மூன்றையும் கையால் செய்து கற்கும் முறையில் இணைத்துத் தரும் பாடப்பெட்டி ஒன்றை எங்கள் ஒன்பது வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வாழ்கிறோம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, திருமணத்தின் மூலம் இங்கு வந்தவள். என் கணவரின் முன்னோர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். இவ்விரு வழிகளிலும் வந்த விசுவாசமும் தமிழும் எங்கள் பிள்ளைகளிடம் சேர வேண்டும் என்பதே அவர்களை வீட்டில் வைத்துக் கற்பிக்க நாங்கள் முடிவு செய்ததற்கு முதல் காரணம். ஆகவே இந்தப் பெட்டியையும் அந்த நோக்கத்தைக் கொண்டே எடைபோடுகிறேன்.

பெட்டி வெளிநாட்டிலிருந்து வருவது. பாடங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. குறைகளையும் எழுதப்போவதால் வெளியீட்டாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் பல பெட்டிகள் விற்பனைக்கு வருவதால், எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும். உள்ளே 36 வாரங்களுக்கான ஆசிரியர் கையேடு, வாரத்துக்கு ஓர் உறையில் கைவேலைப் பொருள்கள், களிமண், தேன்மெழுகுத் தாள்கள், மரக்குச்சிகள், விதைகள், நான்கு மீட்டர் நீளமுள்ள காலவரிசைத் தாள் ஆகியவை இருந்தன. கணக்கும் மொழிப்பாடமும் இல்லை. அவற்றைத் தனியே வாங்கிக்கொண்டோம்.

முதலில் அளவைப் பாடத்தைச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பகுதி அதுவே. நோவாவின் பேழை, ஆசரிப்புக் கூடாரம், உடன்படிக்கைப் பெட்டி, கோலியாத்தின் உயரம் ஆகியவற்றை வெறும் எண்களாகச் சொல்லிக் கடந்துபோகாமல், பிள்ளைகள் தங்கள் உடலாலேயே அளந்து பார்க்கும்படி மூன்று வாரங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். 'கியூபிட்' என்றால் என்ன என்று விளக்க ஆசிரியர் கையேடு இரண்டு பக்கங்களைச் செலவிடுகிறது. எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தமிழ் வேதாகமத்தில் அது முழம். சிறுவயதில் பூக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த என் மாமியார், பிள்ளைகளின் ஆயா, ஒரு கயிற்றை எடுத்து முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து, "பூவை இப்படித்தான் அளப்போம்" என்று காட்டியதும் பாடம் முடிந்துவிட்டது. கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். இரண்டு சாண் ஒரு முழம் என்பதால் ஆறரை முழம் என்று மகள் தானே கணக்கிட்டாள். ஒரு முழத்துக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் அது 2.9 மீட்டருக்கு மேல் வரும். நாங்கள் ஒட்டிய காகிதப்பட்டைக்குச் சுவர் போதாமல், மீதி உட்கூரையில் மடங்கிப் படர்ந்தது. அதைப் பல மாதங்கள் நாங்கள் எடுக்கவே இல்லை.

உடன்படிக்கைப் பெட்டியை உண்மையான அளவிலேயே அட்டையில் செய்யச் சொல்கிறது கையேடு. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம், அதாவது 112.5 சென்டிமீட்டருக்கு 67.5. வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் அட்டை ஒன்று அதற்குச் சரியாக உதவியது. அது சீத்திம் மரத்தால் செய்யப்பட்டது என்று யாத்திராகமத்தில் வாசித்தபோது, சீத்திம் என்பது வேல மரத்தின் இனம் என்பதையும், அந்த இனத்து முள்மரங்கள் இந்த நாட்டின் வெளிகளில் எங்கும் நிற்பதையும் நான் சேர்த்துச் சொன்னேன். அடுத்த முறை ஊருக்கு வெளியே போனபோது மகன் வண்டியின் கண்ணாடி வழியாக அவற்றை எண்ணிக்கொண்டே வந்தான். கையேட்டில் இந்தக் குறிப்பு இல்லை.

ஆசரிப்புக் கூடாரத்தின் பிராகாரத்தை முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில், நூறுக்கு ஐம்பதாக அமைக்க வேண்டும். தெற்கிலும் வடக்கிலும் இருபது இருபது, மேற்கிலும் கிழக்கிலும் பத்துப் பத்து என்று அறுபது தூண்கள். எங்கள் உறையில் 57 குச்சிகளே இருந்தன. விற்பனையாளருக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. சமையலறையிலிருந்த சொசாட்டிக் குச்சிகளை (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் குச்சிகள்) வெட்டி மூன்றையும் நிரப்பினோம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளை எண்ணிப் போடாமல் அனுப்புவது சரியல்ல. ஆர்வத்தோடு உட்கார்ந்த பிள்ளையின் வேலை பாதியில் நிற்கிறது.

விதைகளைப் பற்றியும் ஒரு சொல். கடுகு விதை உவமைக்காக ஒரு சிறு பொட்டலத்தில் கடுகை வைத்து அனுப்புகிறார்கள். எந்தத் தமிழ் வீட்டுக்கும் அது தேவையில்லை. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்தாலே போதும். அந்தப் பெட்டியே இன்னொரு பாடமாகவும் ஆனது. வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதியை மத்தேயு 23-இல் வாசித்தபோது, மகள் ஒரு கரண்டிச் சீரகத்தை எண்ணிப் பத்தில் ஒன்றைப் பிரிக்கத் தொடங்கினாள். பாதியிலேயே அவளுக்கு அலுத்துவிட்டது. "இதை எண்ணிக்கொண்டிருந்தால் வேறு எதற்கும் நேரமே இருக்காது, அம்மா" என்றாள். அன்று நான் அதற்கு மேல் எதையும் விளக்கவில்லை.

எகிப்தைப் பற்றிய இரண்டு வாரங்களில் கையேடு காகித மம்மி ஒன்றைச் சுற்றச் சொல்கிறது. அதைச் செய்வதற்கு முன் பிள்ளைகளை டர்பன் நகர மண்டபத்தில் இயங்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே எகிப்திய மம்மி ஒன்றும், அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடும் உள்ளன. உண்மையான துணிச்சுற்றைப் பார்த்துவிட்டு வந்தபின் காகிதத்தைச் சுற்றும் கைகளில் தெரிந்த கவனத்தை நான் நேரில் கண்டேன்.

இந்தப் பெட்டியின் பெரிய குறை அதன் பருவக் கணக்கு. பாடங்கள் செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. இலையுதிர்காலம், பனி, வசந்தம் என்ற வடக்கு நாடுகளின் வரிசையில் ஒவ்வொரு வாரமும் கட்டப்பட்டிருக்கிறது. நம் பள்ளியாண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் டர்பனின் கடும் வெயிலிலும் மழையிலும் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து வாரங்களின் வளையத்துக்குத் தேன்மெழுகுத் தாளைச் சுருட்டி மெழுகுவத்தி செய்யச் சொல்லும் பாடத்தை டிசம்பர் பிற்பகலில் எடுத்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செய்த வத்திகளும் மறுநாளே சாய்ந்தன. பைன் கிளைகளும் சிவந்த பனிக்காலப் பழங்களும் வளையத்துக்கு வேண்டும் என்கிறது கையேடு. எங்கள் தெருவில் அந்த மாதம் செம்மயிற்கொன்றை நெருப்பாகப் பூத்திருக்கும். சந்தையில் லிச்சி குவிந்திருக்கும். அந்த இலைகளாலும் லிச்சிக் கொத்துகளாலும் வளையம் கட்டினோம். இந்த மாற்றத்துக்கான ஒரு வரிகூட கையேட்டில் இல்லாதது, தெற்குப் பாதியில் வாழும் குடும்பங்களுக்கும் இதே பெட்டியை விற்பவர்கள் செய்திருக்க வேண்டிய சிறு உழைப்பைச் செய்யவில்லை என்பதையே காட்டுகிறது.

ஆனால் இந்தத் தலைகீழ்க் கணக்கு ஓரிடத்தில் எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. உயிர்த்தெழுதலின் பண்டிகைக்கு வசந்தத்தின் மலர்களையும் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் காட்டுகிறது கையேடு. இங்கே அது இலையுதிர்காலம். மேற்குக் கேப் மாகாணத்தில் கோதுமை விதைப்பு தொடங்கும் பருவம். ஆகவே பரிசுத்த வாரத்தில் நாங்கள் கோதுமையை விதைத்தோம். "கோதுமைமணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக் கொடுக்கும்" என்ற யோவான் 12:24-ஐ ஆயா தமிழில் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் ஆளுக்குப் பத்து மணிகளை மண்ணில் மூடினார்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று மண் வெறுமையாகவே இருந்தது. மகன் கிளறிப் பார்க்க அனுமதி கேட்டான், நான் மறுத்துவிட்டேன். ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும்போது மூன்று முளைகள் மட்டும் தலைகாட்டியிருந்தன. அந்த ஆண்டின் எல்லாப் பாடங்களிலும் என்னை மிகவும் அசைத்தது இதுவே. பஸ்கா முழுநிலவை ஒட்டி வருவதை விளக்கும் நிலவுப் பாடம் மட்டும் எந்த மாற்றமும் இன்றி இங்கே பொருந்துகிறது. புளிப்பில்லா அப்பம் சுடும் பாடமும் அப்படியே, சப்பாத்திக் கல் உள்ள வீட்டில் அது எளிது.

குடும்ப மரபுகளைப் பற்றிய அத்தியாயம் நல்ல மனத்தோடு எழுதப்பட்டிருந்தாலும் மெலிந்தது. மாலை ஜெபத்தைப் பற்றி அழகாகச் சொல்கிறது. ஆனால் நம் சபைகளில் உயிரோடு இருக்கும் அறுப்பின் பண்டிகை, டிசம்பர் 31 இரவின் விழிப்பு ஆராதனை, புத்தாண்டில் பெறும் வாக்குத்தத்த வசனம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. பிள்ளைகள் களிமண்ணில் செய்த காய்களை அறுப்பின் பண்டிகைக்கு எடுத்துச் செல்ல விரும்பினார்கள். நாங்கள் தோட்டத்துக் கறிவேப்பிலையையும் பச்சைமிளகாயையும் கட்டிக் கொடுத்தனுப்பினோம். காணிக்கை என்பது உண்மையான விளைச்சலாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு அதன் மூலமே புரிந்தது.

காலவரிசைத் தாளை நான் பாராட்டவும் வேண்டும், திருத்தவும் வேண்டும். ஆபிரகாம் முதல் இன்றுவரை ஓராண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவு, காலத்தின் நீளத்தைப் பிள்ளையின் நடைக்குள் கொண்டுவருகிறது. இந்தியாவுக்கென அதில் இருந்த ஒரே அட்டை, 1793-இல் வங்காளம் சென்ற ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியுடையது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706-ஐயும், தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சிடப்பட்ட 1715-ஐயும் நாங்கள் எழுதி ஒட்டினோம். கேரியின் அட்டைக்கு எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் முன்னால் தரங்கம்பாடி நிற்பதைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்தார்கள். பிறகு ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு முதன்முதலாக ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல். அதற்கு இரண்டே மில்லிமீட்டர் தள்ளி, இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் அறிந்திருந்த மெதடிஸ்ட் போதகர் ரால்ப் ஸ்டாட் நேட்டாலுக்கு வந்த 1862. இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் ஒட்ட முடிந்தது. தெலுங்கு பாப்திஸ்து மிஷனரி ஜான் ரங்கையா வந்த 1903-ஐயும், ஜே. எப். ரோலண்ட்ஸின் ஊழியத்தில் பெதஸ்தா சபை தொடங்கிய 1931-ஐயும் ஆயா சேர்க்கச் சொன்னார். கடைசி இருபது சென்டிமீட்டரில் எங்கள் வீட்டாரின் ஞானஸ்நான ஆண்டுகள் நிறைந்திருக்கின்றன.

சட்டத் தேவைகளுக்கு இந்தப் பெட்டி உதவாது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 51-ஆம் பிரிவு வீட்டுக்கல்விக்கு இடமளிக்கிறது. 2024-இல் வந்த அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை மாற்றி அமைத்திருக்கிறது. மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் பதிவு செய்ய வேண்டும். 3, 6, 9 ஆகிய வகுப்புகளோடு முடியும் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையை மதிப்பிட வேண்டும். பெட்டியோடு வரும் பதிவேடு நம் நான்கு பருவங்களுக்கும் பாடத்திட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு கைவேலையையும் படமெடுத்து, தேதியிட்டு, அது எந்தப் பாடத்துக்கு உரியது என்று எழுதி நானே தனிக்கோப்பு வைத்தேன். தாயின் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: வாரத்துக்கு இரண்டு மாலைகள் ஆயத்தத்துக்கே போய்விடுகின்றன.

மொழியைப் பற்றி நான் முறையிடுவது நியாயமாகாது; ஆங்கிலப் பெட்டியிடம் தமிழை எதிர்பார்க்க முடியாது. இந்த நாட்டின் அரசியலமைப்பு, தன் 6-ஆம் பிரிவில், மதிக்கப்பட்டு ஊக்குவிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; அந்த வரி வீட்டுக்குள் உயிர் பெறுவது நம் பொறுப்பு. செய்துகொண்டே பேசும் பாடங்களாக இருப்பதால் இந்தப் பெட்டி அதற்கு வியக்கத்தக்க அளவு இடம் தருகிறது. கை வேலையில் இருக்கும்போது ஆயாவின் தமிழுக்குப் பிள்ளைகள் தமிழிலேயே பதில் சொன்னார்கள். தமிழ்ப் புத்தகத்தை விரித்து உட்காரும் நேரத்தில் அது அவ்வளவு எளிதாக வருவதில்லை.

ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளும், பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரும், முடிந்தால் தாத்தாவோ ஆயாவோ உள்ள குடும்பத்துக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். திறந்ததும் அப்படியே நடத்திவிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். எங்கள் பெட்டியை வரும் ஜனவரியில் மகனுக்காக மீண்டும் எடுக்கப்போகிறோம். இம்முறை 20-ஆம் வாரத்திலிருந்து தொடங்கி, பஸ்காப் பாடங்களை ஏப்ரலை ஒட்டி வைத்து, அளவைப் பாடத்தைக் குளிர்மாதங்களுக்கு நகர்த்தி, மெழுகுவத்தி செய்யும் வேலையை ஆகஸ்டிலேயே முடித்துவிடுவேன். புதிதாக வாங்க வேண்டியவை களிமண்ணும் மெழுகுத் தாளும் பசையும் மட்டுமே.