பிபி மெஷின் ரிவியூ: எட்டு மாசம் வீட்டுல வச்சிப் பாத்தத எழுதுறேன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஃபார்மசில 189 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்கின மெஷின் இது, மேல் கையில பட்டை சுத்திக் கட்டுற டைப். வாங்கி எட்டு மாசம் ஆச்சு. பிராண்ட் பேர் எழுதப் போறதில்ல, ஏன்னா நான் சொல்ல வர்றது எல்லா மேல்கை மெஷினுக்கும் பொருந்தும். என்னை மாதிரி படபடப்பும் பிபியும் இருந்து, டெஸ்ட்ல ஒண்ணுமே தெரியலன்னு திரும்பி வந்தவங்களுக்குத்தான் முக்கியமா எழுதுறேன்.

எனக்கு வயசு 47, செந்தூல்ல வீடு, ஆபீஸ்ல கணக்கு வேலை. தீபாவளி முடிஞ்ச வாரத்துல இருந்து ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், இதயம் ஒரு துடிப்ப விட்டுட்டு அடுத்தத ஓங்கிக் குத்துற மாதிரி இருக்கும், அப்புறம் பத்து நிமிஷம் ஓடி வந்தவ மாதிரி மூச்சு வாங்கும், உள்ளங்கை வேர்க்கும். கிளினிக்ல பிபி பாத்தா 168/102. ஈசிஜி நார்மல், எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேன் நார்மல், தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மல். 24 மணி நேரம் இதயத் துடிப்பப் பதியுறதுக்கு நெஞ்சுல ஒட்டி அனுப்புற ஹோல்ட்டர் மெஷினும் போட்டாச்சு, அன்னிக்குன்னு பாத்து ஒரு தடவ கூட வரல. ரிப்போர்ட் சுத்தமா இருக்கு, நீங்க டென்ஷன் ஆகாதீங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல அழுதேன், பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்களோன்னு. அம்மா கண்ணு பட்டுருச்சுன்னு சுத்திப் போட்டாங்க, பாவம் அவங்களுக்கும் வேற என்ன செய்யத் தெரியும்.

முதல்ல ஆன்லைன்ல மணிக்கட்டுல கட்டுற மெஷின் ஒண்ணு 60 வெள்ளிக்கு வாங்கினேன், அதுல காசு போனதுதான் மிச்சம். கைய கொஞ்சம் தாழ்த்தினா ஒரு நம்பர், நெஞ்சுகிட்ட வச்சா ஒரு நம்பர், ஒரே நிமிஷத்துல 20 வித்தியாசம் வரும். மணிக்கட்டு சரியா இதய மட்டத்துல இல்லன்னா அளவு மாறிடும், அதனாலதான் மேல்கையில பாக்கச் சொல்றாங்க.

அந்த ஃபார்மசில இருந்த சீனப் பொண்ணுக்கு நான் இன்னிக்கும் நன்றி சொல்றேன். மெஷின எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி, ஆன்ட்டி கைய காட்டுங்கன்னு டேப் எடுத்து மேல்கைய அளந்துச்சு, 34 செண்டிமீட்டர். மெஷினோட வர்ற சாதாரண பட்டை 22ல இருந்து 32 வரைக்கும்தான், என் கைக்குச் சின்னது, சின்னப் பட்டை கட்டினா பிபி இருக்கறத விட அதிகமா காட்டும்னு சொல்லி பெரிய பட்டை வர்ற பெட்டியா பாத்து எடுத்துக் குடுத்துச்சு. கொஞ்சம் குண்டான கை உள்ளவங்க இத மட்டுமாவது ஞாபகம் வச்சுக்குங்க, டேப் வச்சு அளக்காம வாங்காதீங்க. ஸ்ட்ரைட் பிபினு (STRIDE BP) ஒரு வெப்சைட்ல சோதிச்சு சரின்னு ஏத்துக்கிட்ட மெஷின் லிஸ்ட் இருக்கு, வாங்க முன்னாடி அதுலயும் மாடல் நம்பர தேடிப் பாருங்க.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டுச்சு, மூட்டு வலிக்கு ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களான்னு. நான் மாசக் கணக்கா வலி மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேன், அந்த வகை மாத்திரைல சிலது பிபிய ஏத்தும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, மூக்கடைப்பு மாத்திரைல சிலதும் அப்படித்தானாம். டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்தினேன்.

இப்ப மெஷினுக்கு வர்றேன். முதல் வாரம் நான் பாத்த அளவு எல்லாமே வீண், காரணம் மெஷின் இல்ல, நான் பாத்த விதம். சோபால சாஞ்சுக்கிட்டு, கால் மேல கால் போட்டு, டிவி பாத்துக்கிட்டு, மகன்கிட்ட பேசிக்கிட்டே பாத்தேன், ஜாக்கெட் கைய மேல சுருட்டி விட்டு அது கைய இறுக்கிப் பிடிச்சிருக்கும். கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க கிளினிக்ல இருக்கற மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ், உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகு நாற்காலில சாய்ஞ்சு, ரெண்டு பாதமும் தரையில வச்சு, கைய மேசை மேல இதய மட்டத்துக்கு வச்சு 5 நிமிஷம் சும்மா உக்காரணும், பேசக் கூடாது. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கோப்பியும் கிடையாது தே தாரேக் டீயும் கிடையாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ பாக்கணும், காலைல மாத்திரைக்கும் பசியாறுறதுக்கும் முன்னாடி, ராத்திரி படுக்க முன்னாடி, இப்படி 7 நாள், முதல் நாள் அளவ விட்டுட்டு மிச்சத்த சராசரி எடுக்கணும். வீட்டுல பாக்கறப்போ சராசரி 135/85க்குக் கீழ இருக்கணும், கிளினிக்ல பாக்கற 140/90 கணக்கு வேற, இதக் குழப்பிக்காதீங்க.

ஒழுங்கா பாத்த முதல் வார சராசரி 151/94. கிளினிக்ல காட்டினத விட கம்மி, டாக்டரப் பாத்தா எனக்கு ஏறுது, ஆனா வீட்டுலயும் பிபி இருக்குதான். இது தெரிஞ்சதும் மனசு ஒரு மாதிரி அமைதியாச்சு, கெட்ட செய்திதான், ஆனாலும் என்னோட உண்மையான நம்பர் இதுன்னு தெரிஞ்சுச்சே. அம்லோடிபின்னு பிபி மாத்திரை ஆரம்பிச்சாங்க, சாயங்காலம் கணுக்கால் வீங்குச்சு, அதையும் நோட்டுல எழுதிக் கொண்டு போனேன், டோஸ மாத்தினாங்க.

மெஷினோட பெரிய பலன் அந்தச் சின்ன இதயக் குறிதான். துடிப்பு சீரா இல்லன்னா ஸ்கிரீன்ல ஒரு அடையாளம் வரும். அது நோய்னு முடிவு சொல்றது இல்ல, கைய ஆட்டினாலும் வரும், பயந்துறாதீங்க. பட்டை காத்து இறங்கறப்போ ரத்தக்குழாயோட அதிர்வ வச்சுத்தான் மெஷின் கணக்குப் போடுது, அதனால துடிப்பு தாறுமாறா இருந்தா அளவும் தப்பலாம், அப்ப மூணு தடவ பாத்து சராசரி எடுக்கச் சொன்னாங்க. எனக்கு ரெண்டு மாசத்துல நாலு ராத்திரி அந்தக் குறி வந்துச்சு, தேதி, மணி, நாடித்துடிப்பு, அன்னிக்கு என்ன சாப்பிட்டேன், எவ்ளோ நேரம் தூங்கினேன் எல்லாம் எழுதினேன். அந்த நோட்ட மேசை மேல வச்சப்பதான் டாக்டர் பேனாவ கீழ வச்சுட்டு என்னப் பாத்துப் பேசினார். 7 நாள் ஹோல்ட்டருக்கு எழுதிக் குடுத்தார், ஆல்டோஸ்டிரோன் ரெனின்னு ஒரு ரத்த டெஸ்டும் எழுதினார், சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பினால பிபி ஏறுதான்னு பாக்கறதுக்கு. வீட்டுக்காரர்கிட்ட நான் குறட்டை விடுறேனா, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு கேட்டார். இத்தனை மாசத்துல யாரும் இதக் கேட்டது இல்ல. 7 நாள் ஹோல்ட்டர்ல இடையிடையே கூடுதல் துடிப்பு தெரிஞ்சிருக்கு, ஆபத்தான வகை இல்லன்னாங்க. ஏன் வருதுன்னு இன்னும் தெரியல.

ஒரு எச்சரிக்கை, இத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். படபடப்பு வந்த ஒரு ராத்திரி பயத்துல திரும்பத் திரும்பப் பாத்தேன், 158, 166, 174, 181, பாக்கப் பாக்க ஏறுது, கை சிவந்து போச்சு, வீட்டுக்காரர் மெஷின வாங்கி அலமாரில வச்சுட்டு என் கையப் பிடிச்சு உக்காந்திருந்தார், அரை மணில 146. இப்ப எங்க வீட்டு ரூல், ராத்திரி வந்தா ரெண்டே தடவ, எழுதிட்டு மூடி வச்சிரணும். ஆனா 180/120க்கு மேல போயி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுறது, கை கால் மரத்துப் போறது, பேச்சுக் குழறுறது எதுவும் இருந்தா காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 999க்கு கூப்பிடுங்க. மயக்கம் போட்டாலோ இப்ப சொன்னதுல எது வந்தாலோ மெஷின்ல நம்பர் நல்லா இருந்தாலும் போகணும்.

சாப்பாட்டுல நான் செஞ்சது கருவாடும் மெகி மீ நூடுல்ஸும் நிறுத்தினது, குழம்புல உப்பக் குறைச்சது, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்னா ஒரு டீஸ்பூன்தான், நம்ம ஊறுகாய் சம்பல்லயே பாதி போயிரும். இப்ப சராசரி 132/83.

மெஷின்ல பிடிக்காதது ரெண்டு. மோட்டார் சத்தம் ராத்திரில பக்கத்துல தூங்கறவங்கள எழுப்பிரும், ஸ்கிரீன்ல வெளிச்சம் இல்ல, இருட்டுல போன் டார்ச் அடிச்சுப் பாக்க வேண்டியிருக்கு. பேட்டரி ஒரு தடவதான் மாத்தினேன். மெமரி இருக்குதான், ஆனா அத நம்பி நோட்டு எழுதாம இருக்காதீங்க, அன்னிக்கு உடம்பு எப்படி இருந்துச்சுன்னு மெமரில இருக்காது.

வர்ற வியாழக்கிழமை கிளினிக், ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்து உக்காரணும், காலைல ஏழு மணிக்கே போயிருவேன். மெஷினையும் கொண்டு வரச் சொல்லிருக்காங்க மிஸ்ஸி, அவங்க மெஷின் பக்கத்துல வச்சு ஒத்துப் போகுதான்னு பாக்கணுமாம். நோட்டோட சேத்து இப்பவே பையில எடுத்து வச்சிட்டேன்.