பழைய ஜிம்னியை வீட்டு முத்தத்தில வைச்சு மாத்திறது: எதுக்குக் காசு போடலாம், எதுக்குத் தேவையில்ல

முடிவை முதலே சொல்லிவிடுறன். சுசூக்கி ஜிம்னி ஜேபி43, அதான் 1.3 லீற்றர் எம்13ஏ இஞ்சின் போட்ட பழைய ஷேப், யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு சொந்தக் கையால கழட்டிப் பூட்ட ஆசைப்படுற ஆளுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா எல்லாத்தையும் ஒரேயடியா வேண்டிப் பூட்டினா காசும் போகும், வாகனமும் ஓடேக்க ஏன் இப்பிடி இழுக்குது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஒண்டைப் போடு, கொஞ்ச நாள் ஓடு, என்ன மாறினது எண்டு பார், பிறகு அடுத்தது. கனபேர் என்னட்ட கேக்கிறவை, எங்க தொடங்கிறது எண்டு, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

வாகனத்தைப் பற்றி சுருக்கமா. லடர் சேசி (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்), முன்னுக்கும் பின்னுக்கும் முழு அக்ஸில், நாலு பக்கமும் கொயில் ஸ்பிரிங், வீல்பேஸ் 2250 மில்லிமீற்றர்தான், ரைமிங் பெல்ட் இல்லை செயின். கீழ படுத்துப் பாத்தா எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கும், கை போகாத இடம் குறைவு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது, திறந்தும் வரியோட சேத்துப் பாத்தா புது ஜிம்னி எங்களைப் போல ஆக்களுக்கு எட்டாது, அப்ப இருக்கிறதை வடிவா வைச்சிருக்கிறதுதான் வழி.

சரி, முதல் வேலை என்ன எண்டு கேட்டா எல்லாரும் ரயர் எண்டுவினம், வாகனத்தை உயர்த்திற லிஃப்ட் எண்டுவினம். நான் சொல்லுறது கறள். எங்கட ஊரில மூண்டு பக்கமும் உப்புக் காத்து, பண்ணைப் பாலத்தால ஒருக்கா தீவுப்பக்கம் போட்டு வந்தாலே கண்ணாடியில உப்புப் படிஞ்சிருக்கும், அப்ப அடியில எவ்வளவு படியும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஜிம்னியில கறள் பிடிக்கிற இடங்கள் கிட்டத்தட்ட எல்லா ஜிம்னியிலயும் ஒரே இடம்தான்: முன் ஹெட்லைற்றுக்குப் பின்னால உள்பக்கத் தகடு, பின் சில்லுக்கு மேல உள்வளைவு, கதவுக்குக் கீழ வாற சில் தகடு, பின் பம்பருக்குள்ள மறைஞ்சு கிடக்கிற மூலையள். என்ர வாகனத்துக்கு முந்தி ஆரோ கறளுக்கு மேலயே அடிப்பக்கத்துக்குப் பூசுற கறுப்பு அண்டர்சீல் அடிச்சு விட்டிருந்தவை, வெளியால பாக்கப் புதுசு மாதிரி, ஸ்குரூ டிரைவரால மெதுவா தட்டினா ஒரு பாளமா கழண்டு விழுது, உள்ளுக்குச் செம்மண் நிறத்தில ஈரம். அண்டர்சீல் ஈரத்தை வெளியால விடாது, கறளுக்கு மேல அடிச்சா உள்ளுக்க இருந்து தின்னும். அதால முழுக்கச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, கறள் மாத்திற திரவம் பூசி, பிறைமர், அதுக்கு மேலதான் பெயின்ற். உள் குழாய்களுக்குள்ள மெழுகு ஸ்பிரே. ஓட்டை விழுந்த இடத்துக்கு பைபர் வைச்சு மறைக்காதேங்கோ, வெட்டி எடுத்துத் தகடு வைச்சு ஒட்டத்தான் வேணும், அதை வெல்டிங் தெரிஞ்ச ஆளிட்ட விடுங்கோ, பற்றரி வயரைக் கழட்டிப்போட்டு ஒட்டச் சொல்லுங்கோ. கடற்கரை போட்டு வந்தா அண்டைக்கே அடி கழுவவேணும், அதுவும் நல்ல தண்ணியால, தீவுப்பக்கம் கன கிணறு உவர், உவர்த் தண்ணியால கழுவுறது கழுவாமல் விடுறதுக்குச் சமம்.

இந்த வேலை ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியாது, படம் எடுத்துப் போடவும் ஏலாது, ஆனா நான் போட்ட காசில சரியான பிரயோசனமான காசு இதுதான்.

அடுத்தது ஸ்ரேரிங் உதறல். ஜிம்னி வைச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஏ9ல கிளிநொச்சி தாண்டி 70, 80 பிடிக்கேக்க ஒரு சின்னப் பள்ளத்தில விழுந்தா காணும், ஸ்ரேரிங் கையில நிக்காமல் இடமும் வலமுமா ஆடும், வேகத்தைக் குறைச்சாத்தான் நிக்கும். கனபேர் உடன ஒரு ஸ்ரேரிங் டம்பர் வேண்டிப் பூட்டிப்போட்டு சரி எண்டு நினைக்கினம். டம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணம் அப்பிடியே கிடக்கும். முதல்ல சில்லு பலன்ஸ் பாக்கவேணும், அது விலை குறைஞ்சது. பிறகு அக்ஸில் பக்கவாட்டில தள்ளாமல் பிடிக்கிற பனாட் றொட்டின்ர புஷ், ரெண்டு முன் சில்லையும் சேத்துத் திருப்பிற ட்றக் றொட்டின்ர முனையள், கடைசியா முன் சில்லு இடம் வலம் திரும்பிற அச்சில இருக்கிற கிங்பின் பெயாரிங்.

இதை வீட்டிலயே பாக்கலாம், கராச்சுக்குப் போகத் தேவையில்லை. முன் சில்லை ஜக் போட்டுத் தூக்கி, ஸ்ராண்ட் வைச்சு (வெறும் ஜக்கை நம்பி ஒருக்காலும் கீழ போகாதேங்கோ), சில்லின்ர மேல ஒரு கை கீழ ஒரு கை பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தா வீட்டில ஒருத்தரைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்ப ஆட்டுங்கோ. பிரேக் பிடிக்கேக்க ஆட்டம் நிண்டா அது சில்லுப் பெயாரிங். பிரேக் பிடிச்சும் ஆடினா கிங்பின். இந்த ஒரு சோதனை தெரிஞ்சிருந்தா தேவையில்லாத பார்ட்ஸ் வேண்டுற காசு மிஞ்சும். கிங்பின் பக்கத்துக்கு மேல ஒண்டு கீழ ஒண்டு, ரெண்டு பக்கமும் நாலு பெயாரிங், அதோட சீலும் மாத்தவேணும், சீல் போனாத்தான் கிறீஸ் வெளியால வரும் தண்ணி உள்ளுக்க போகும். பூட்டேக்க சிம் எண்டுற மெல்லிய தகடு கூட்டிக் குறைச்சு இறுக்கம் சரி பாக்கிறது, அதுக்குக் கொழுவித் தூக்கிற வில் தராசு ஒண்டால நக்கிளை (சில்லைத் தாங்கித் திரும்பிற பகுதியை) இழுத்து எவ்வளவு கிலோவில அசையுது எண்டு பாத்துப் பூட்டவேணும், கையால பாத்துக் காணும் எண்டு விடுற வேலை இல்லை. பெயாரிங், சீல் எல்லாம் ஸ்ரான்லி வீதிக் கடையள்ல கேட்டுப் பாருங்கோ, நல்ல யப்பான் சாமான் தேவை எண்டா கொழும்பு பஞ்சிகாவத்தையில ஆரையும் பிடிச்சு பஸ்ஸில போட்டுவிடச் சொல்லலாம். வேண்டேக்க பெயாரிங் நம்பரை எழுதிக்கொண்டு போங்கோ, ஜிம்னிக்கு எண்டு மட்டும் சொன்னா கைக்கு வந்ததைத் தருவினம்.

ரயர். கொம்பனி அளவு 205/70ஆர்15. நான் போட்டது 215/75ஆர்15 ஓல் ரெரெய்ன், அதாவது றோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ரயர். உயரம் 668 மில்லிமீற்றரில இருந்து 703க்குப் போகுது, அப்ப டிஃப்புக்கு (அக்ஸிலில இருக்கிற டிஃபரென்ஷல் கியர்ப் பெட்டிக்கு) கீழ 18 மில்லிமீற்றர் மட்டில கூடக் கிடைக்கும். கேக்க ஒண்டுமில்லை எண்டு இருக்கும், ஆனா வடமராட்சி கிழக்கில மணல் பாதையில ரெண்டு சில்லுத் தடத்துக்கு நடுவில மேடு உயர்ந்து கிடக்கிற இடத்தில அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். லிஃப்ட் இல்லாமலே கிட்டத்தட்ட உரசாமல் போகும். மீற்றர் 5 வீதம் குறைச்சுக் காட்டும், மீற்றரில 60 எண்டா உண்மையில 63, பொலிஸ் ரேடர் நிக்கிற இடத்தில இது நினைவில இருக்கட்டும். சில பெடியள் 235/75 போடுறாங்கள், பாக்கச் சும்மா கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா அது கிட்டத்தட்ட 10 வீதம் பெரிசு, 1.3 இஞ்சினால இழுக்க ஏலாமல் அஞ்சாம் கியரே பாவிக்காமல் ஓடவேண்டி வரும், டிஃப் கியர் மாத்தாமல் அந்த அளவுக்குப் போறது எனக்குச் சரியாப் படேல்ல.

மணலுக்கு ரயரைவிட முக்கியம் காத்து. 16 பிஎஸ்ஐக்கு இறக்கினா அதே ரயர் வேற ரயர். நல்ல கேஜ் ஒண்டும், பற்றரியில நேர கொழுவுற சின்னக் கொம்பிரசர் ஒண்டும், இது ரெண்டும் லிஃப்ட் கிற்றின்ர விலையில ஒரு சின்னப் பங்குதான். சிகரெற் லைற்றர் சொக்கற்றில கொழுவுற கொம்பிரசர் வேண்டாதேங்கோ, கூட இழுத்தா ஃபியூஸ் போகும். புதைஞ்சா தென்னோலை வெட்டிப் போடுறது எங்கட ஆக்களின்ர பழைய முறை, நல்ல முறைதான், ஆனா பனை மட்டை மட்டும் வேண்டாம், கருக்கு ரயரின்ர பக்கச் சுவரைக் கிழிச்சுப்போடும், பக்கச் சுவர் கிழிஞ்சா பச் போட ஏலாது. மணல்காட்டு மணல் குன்றில ஏத்தி விளையாடுறதையும் விடுங்கோ, அந்தக் குன்றும் அதில நிக்கிற செடியும்தான் அந்த ஊருக்குக் கடல் பக்கத்தால இருக்கிற மறைப்பு, 2004 சுனாமியில அந்தக் கரை என்ன பட்டது எண்டு அங்கத்தை ஆக்களிட்டக் கேட்டா சொல்லுவினம். சுண்டிக்குளம் 2015ல இருந்து தேசியப் பூங்கா, அதுக்குள்ள பாதையை விட்டு இறங்கிறது பிழை. ஓட எத்தினையோ வண்டில் பாதை கிடக்கு.

இனி எனக்கு மிச்சம் பிடிச்ச வேலை, பிறீதர் குழாய், அதாவது டிஃப் உள்ளுக்க வெளியால காத்து விடுற குழாய். ஓடி வந்த டிஃப் நல்லாச் சூடா இருக்கும், மாரி வெள்ளத்துக்குள்ள இறக்கினா சடாரெண்டு குளிரும், உள்ளுக்க இருக்கிற காத்து சுருங்கி வெளியால இருந்து எதையாவது உறிஞ்சப் பாக்கும். பிறீதர் தண்ணிக்குள்ள இருந்தா உறிஞ்சிறது தண்ணி. கார்த்திகை மாரியில வெள்ளத்துக்குள்ளால வந்த ஒரு சிநேகிதன்ர வாகனத்தின்ர பின் டிஃப் ஒயிலை இறக்கிப் பாத்தம், பால் தேத்தண்ணி நிறத்தில வந்தது, அதை விட்டிருந்தா பெயாரிங்கும் கியர்ப் பல்லும் சேர்ந்து போயிருக்கும். செய்யிறது இவ்வளவுதான்: பிறீதரில இருந்து ஒரு மீற்றர்க்கணக்கு பெற்றோல் ஹோஸ், கிளிப், முன் டிஃப்பின்ர குழாயை இஞ்சின் அறைக்குள்ள மேல ஏத்தி, பின்னதை பெற்றோல் ஊத்திற மூடிப் பக்கம் ஏத்தி, முனையில சின்ன ஃபில்ரர் ஒண்டு. அக்ஸில் மேல கீழ போகேக்க இழுபடாமல் நீளம் விடவேணும், சைலன்சர் குழாயில முட்டக்கூடாது. ஒரு பின்னேரத்தில முடியும். ஸ்நோக்கல் (இஞ்சினுக்குக் காத்தை மேலால எடுக்கிற குழாய்) பூட்டினவை கனபேர் இதைச் செய்யிறேல்ல, இஞ்சினுக்கு மூச்சு மேலால விட்டுப்போட்டு டிஃப்பைத் தண்ணிக்குள்ள மூச்சு விடச் சொல்லுறது என்ன நியாயம். எங்கட வெள்ளத்துக்கு ஸ்நோக்கல் தேவையில்லை எண்டுதான் நான் இன்னும் நினைக்கிறன்.

முன் சில்லை அக்ஸிலோட கொழுவிற ஹப், ஜேபி43ல வக்கியூமால பூட்டுறது. றப்பர் குழாய் காய்ஞ்சு வெடிச்சா 4டபிள்யூடி போட்டும் முன் சில்லு இழுக்காது, மணலுக்க நிக்கேக்கத்தான் தெரிய வரும். முதல்ல குழாயை மாத்திப் பாருங்கோ, அது மலிவு. அதுக்கும் சரிவராட்டி கையால திருப்பிற ஹப், இறங்கித் திருப்பிற சோம்பல் ஒண்டைத் தவிர அதில குறை இல்லை. வக்கியூம் குழாயளை வடிவா அடைச்சுவிடவேணும்.

லிஃப்ட் 2 இஞ்சி, இவ்வளவுக்கும் பிறகுதான் போட்டன். ஸ்பிரிங்கும் சொக்கும் மட்டும் மாத்தினா வேலை முடியாது. முன் அக்ஸில் கொஞ்சம் உருண்டு கஸ்ரர் கோணம் குறையும், ஸ்ரேரிங் தானா நேருக்கு வராது, றோட்டில அலையும், அதுக்குக் கஸ்ரர் திருத்திற புஷ் போடவேணும். அந்தப் புஷ்ஷை வீட்டில சுத்தியலால அடிக்காதேங்கோ, லேத் கடையில பிரஸ்ஸில வைச்சு அமத்தினா நேரா இறங்கும். அக்ஸில் ஒரு பக்கம் தள்ளும், நீளம் மாத்தக்கூடிய பனாட் றொட் தேவை. பிரேக் ஹோஸ் சில்லு முழுக்கத் தொங்கேக்க இழுபடுதா எண்டு பாருங்கோ. ஹெட்லைற் எதிர வாறவன்ர கண்ணுக்க அடிக்கும், இறக்கி வையுங்கோ. இதெல்லாம் சேத்துத்தான் லிஃப்டின்ர விலை, கிற்றில எழுதியிருக்கிற விலை இல்லை. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கோ.

லைற் பார் நான் போடேல்ல. 2025 தொடக்கத்தில கிளீன் ஸ்ரீலங்கா எண்டு பொலிஸ் மறிச்சு மறிச்சு மேலதிக லைற், கோர்ன் எல்லாம் கழட்ட வைச்சது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முந்தியே ஒடுக்கமான றோட்டில சைக்கிள்ல வாற ஆக்களின்ர கண்ணில அது அடிக்கிறதை எனக்குப் பாக்கப் பிடிக்கேல்ல. இருக்கிற ஹெட்லைற்றுக்கு றிலே வைச்சு, பற்றரிக்குக் கிட்ட ஃபியூஸ் போட்டு, கொஞ்சம் தடிச்ச வயர் இழுத்தாலே வெளிச்சம் கூடும். பின்னுக்கு சாமான் பெட்டி நானே பிளைவூட்டில அடிச்சது, அலுமினியம் அங்கிள் மூலைக்கு, நாலு ஆணியில கழட்டக்கூடிய மாதிரி. எம்டிஎஃப் பலகை வேண்டாம், மாரியில ஊதும்.

வாகனத்தில குறை இல்லாமல் இல்லை. நீள ஓட்டத்துக்கு இஞ்சின் சத்தம் களைக்க வைக்கும், பின் சீற் சின்னப் பிள்ளையளுக்கு மட்டும்தான், 40 லீற்றர் ராங்கி, கொழும்புக்கும் திரும்பியும் ஒரு ராங்கியில வருவம் எண்டு நினைக்காதேங்கோ.

ஆரும் இப்ப ஒண்டு வேண்டப் பாக்கிறியள் எண்டா காலமை குளிர் இஞ்சினோட போய்ப் பாருங்கோ, ரோச் ஒண்டும் சின்ன சுத்தியல் ஒண்டும் கொண்டு போங்கோ, பின் சில்லு வளைவையும் கதவுக்குக் கீழ வாற சில் தகட்டையும் தட்டிப் பாருங்கோ, முன் அக்ஸில் முனையில கிங்பின் இருக்கிற உருண்டைக்குக் கீழ கிறீஸ் வடிஞ்சிருக்கா எண்டு பாருங்கோ, நல்ல றோட்டில 80க்கு விட்டுப் பாருங்கோ. அடி முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற் மினுங்குது எண்டா விக்கிறவரிட்ட முந்தி எடுத்த படம் இருக்கா எண்டு கேளுங்கோ, இல்லையெண்டா விலையைக் குறைச்சுப் பேசுங்கோ, இல்லாட்டி அடுத்ததைப் பாருங்கோ.