வெள்ளவத்தை மாடித் தையல் வகுப்பு: பிள்ளையை அனுப்பலாம், பெட்டியை வாங்க வேண்டாம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை காலைகளில் சிறுவர்களுக்குக் கைத்தையல் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அதனால் நானும் பெயர் போடவில்லை. தரம் 3 படிக்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மனையியல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சும்மா இருக்க முடியுமா? கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கவனித்தேன்.

முதலில் பார்த்தது ஊசியை. முனை மழுங்கியது, காது பெரியது. துணி, அங்குலத்துக்கு 11 கட்டம் வரும் எய்டா, குறுக்குத் தையலுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்தது. சரி, விஷயம் தெரிந்தவர்கள்தான். கட்டம் இன்னும் சின்னதான 14 கட்டத் துணியைக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று குறை சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட விடவில்லை. நீளமாக வெட்டினால் சிக்கும், தேய்ந்து பஞ்சாகும். ஆறு இழையில் மூன்றைப் பிரித்துக் கோக்கவும் பிள்ளைகளே பழகிவிட்டார்கள். பொடியன்களும் பெட்டைகளும் ஒரே மேசையில் இருந்து தைக்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்தது.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள்: ஜேன் பொஸ்டொக் 1598இல் தைத்த மாதிரித் துணி, அதாவது தையல் வகைகளைத் தைத்துக் காட்டும் துணி. லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பது. ஆண்டு குறித்துத் தைத்த ஆங்கில மாதிரித் துணிகளில் மிகப் பழையது என்பார்கள். பூ, விலங்கு, எழுத்துகளோடு, அலிஸ் லீ என்ற குழந்தை 1596இல் பிறந்த நாளும் அதில் ஊசியால் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டித்தான் ரீச்சர் வேலை கொடுத்தார்: வீட்டில் உள்ள சின்னப் பிள்ளை ஒன்றுக்கு, பெயரோடு ஒரு ஏணை.

ஏணை என்றதும் பயந்துவிட்டேன். நல்ல காலம், பொம்மை ஏணைதான், கைக்குட்டை அளவு.

இங்கேதான் வகுப்பின் கெட்டித்தனம் தெரிந்தது. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடும் குறுக்குத் தையலில் தமிழ் எழுதுவது லேசில்லை. ட, ப எல்லாம் கட்டத்துக்குள் நேராக நிற்கும். ண, ஞ, ழ வந்தால் வளைவு படிப்படியாக உடைந்து என்ன எழுத்தென்றே தெரியாது. ரீச்சர் சதுரத் தாளில் பிள்ளைகளையே எழுத்தை வரைய விட்டார். வளைவு சரிவராத இடத்தில், கோடுபோல ஓடும் பின்தையலுக்கு மாறச் சொன்னார். பேரன் தங்கச்சியின் பெயரை விட்டுவிட்டுத் தந்திரமாக 'பபா' என்று தைத்து முடித்தான்.

இனிக் குறைகள். வீட்டில் தைக்க என்று ஒரு பெட்டி விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் மாதிரித் தாளில் ஆங்கில எழுத்து மட்டும்தான், வகுப்பில் இவ்வளவு பாடுபட்ட பிறகு! சிவப்பு நூல் முதல் கழுவலிலேயே சாயம் விட்டு வெள்ளைத் துணியை இளஞ்சிவப்பாக்கியது. புறக்கோட்டைக்குப் போய் அங்கர் நூலாகக் கேட்டு வாங்குங்கள். (அங்கர் என்றதும் பேரன் பால்மா என்று நினைத்தான்.) குழந்தைக்குத் தைப்பது எச்சில் பட்டு, தினமும் கழுவப்படும் பொருள். அதில் சாயம் விடுகிற நூலுக்கு இடமே இல்லை.

கீழே கடையில் 'கை ஸ்மொக்கிங்' என்று மாட்டியிருக்கும் குழந்தைச் சட்டைகளையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஸ்மொக்கிங் என்பது துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி அதன் மேல் போடும் அலங்காரத் தையல். உண்மையான ஸ்மொக்கிங்குக்கு அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு துணி வேண்டும். முதலில் நூலோடி மடிப்புகளைச் சுருக்கி, அதன் மேல் தேன்கூட்டுத் தையல் போட்டு, கடைசியில் சுருக்கிய நூலை உருவ வேண்டும். அங்கே சில சட்டைகளின் உட்பக்கத்தில் மெஷினில் அடித்த இலாஸ்டிக் நூல்தான் இருந்தது. விலை மட்டும் கைவேலை விலை.

மாடிப்படி செங்குத்து, பிடிக்கக் கம்பி இல்லை. முழங்கால் நோ உள்ள அம்மம்மாமார் பிள்ளையை மேலே அனுப்பிவிட்டுக் கீழேயே கதிரை கேட்டு இருந்துகொள்ளுங்கள், தருகிறார்கள். அடுத்த தவணையில் ஸ்மொக்கிங் தொடங்குகிறார்களாம், பேரனைச் சேர்த்துவிட்டேன். துணியும் நூலும் வீட்டிலிருந்துதான் போகும்.