ராத்திரி ஆமை நடை: நீலாங்கரை டு பெசன்ட் நகர்

ஓஎம்ஆர்ல வேலை பாக்குற நாங்க நாலு பேர் எஸ்எஸ்டிசிஎன் (சென்னைல கடல் ஆமையப் பாதுகாக்குற மாணவர் அமைப்பு) நடத்துற ஆமை நடைக்குப் போனோம், ராத்திரில கடற்கரையோரமா நடந்து ஆமைக் கூடு தேடுறது, 1988லேர்ந்து மாணவர்கள் தன்னார்வமா நடத்திட்டு வர்றது. ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன்.

நடக்க முன்னாடி பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடல் ஆமை) பத்தி ஒரு பேச்சு, தூங்கிடுவேன்னு நெனச்சேன், கடைசில அதுதான் டாப். முட்டைய ஏன் எடுத்து வேலி போட்ட எடத்துல பொதைக்கிறாங்கன்னா நாய் தோண்டிடும், அதுல தப்பிச்சு வர்ற குஞ்சும் தெருவெளக்கு வெளிச்சத்தப் பாத்து கடலுக்குப் போகாம ரோட்டுப் பக்கம் போயிடுமாம் (நம்ம ஈசிஆர் பக்கம் வெளிச்சத்துக்கா பஞ்சம்).

கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், முழுக்க மணல். ஷூ போட்டுட்டுப் போய் நல்லா பட்டேன், செருப்பு போதும். ஃப்ளாஷ் அடிச்சு போட்டோ எடுக்கக்கூடாது, ரீல்ஸுக்காக வர்றவங்க வீட்லயே தூங்கலாம்.

எங்களுக்கு ஆமை சிக்கல, ஒரு கூடு கெடச்சுது. நூறுக்கு மேல முட்டை, பிங்பாங் பந்து சைஸ், கையில வாங்குறப்ப பயந்தே போயிட்டேன். கால் வலி மூணு நாளு இருந்துச்சு, ஆனா 45 நாள் கழிச்சு குஞ்சு வெளிய வர்றப்போ திரும்பப் போறதுக்கு லீவு இப்பவே போட்டாச்சு.